கிளம்பாத ராக்கெட்டின் சத்தம்

மார்ச் 3

ஏவுதளப் பாதுகாப்பு அதிகாரி அவர்களுக்கு,

நான் எந்த ராக்கெட்டையும் நிறுத்தவில்லை. ஒரு வாரமாக ஊரில் வாய் உள்ளவர்கள் எல்லாரும் சொல்லிக்கொண்டிருப்பதும், பத்திரிகையில் என் படத்தோடு வந்திருப்பதும் உண்மை அல்ல. "ராக்கெட்டை மறித்த எண்பது வயது வீரத்தாய்" என்று தலைப்பு. எனக்கு எழுபத்து நான்கு. நடுத்தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போராடினேனாம். நடுத்தெருவில் நாற்காலி போடும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் எந்தத் தலைமுறையிலும் கிடையாது. அன்று காலை பின்னறையில் தலையணை உறைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். நடந்தது அவ்வளவுதான்.

உங்கள் ஆட்கள் இருவர் ஜீப்பில் வந்து, முன்கதவைத் தள்ளித் திறந்து, பின்னறை வரை வந்து, பின்னாலிருந்து என் தோளைத் தொட்டார்கள். இஸ்திரிப் பெட்டி ஒருவன் காலில் விழாதது அவன் முன்னோர் செய்த புண்ணியம். வருகிறவர்கள் முன்னால் வந்து நின்று பேச வேண்டும் என்று அவர்களுக்கு யாராவது சொல்லிக்கொடுங்கள்.

ராக்கெட் வேண்டாம் என்று கொடி பிடிக்கும் கூட்டம் மறுநாளே பூங்கொத்தோடு வந்தது. தாடிவைத்த ஒருவர் முன்னால் நின்று, "அம்மா, இனிமே நீங்கதான் எங்களுக்குத் தலைவி" என்றார். "தம்பி, நான் யாருக்கும் தலைவி இல்ல, பூவை வாடறதுக்குள்ள வீட்டுக்காரிகிட்ட குடுங்க" என்று அனுப்பிவிட்டேன். அதையும் பத்திரிகையில் தன்னடக்கம் என்று போட்டுவிட்டார்கள்.

அன்று எங்கள் தெருவில் அபாயச் சங்கு சரியாக ஊதவில்லை. ஊதியிருந்தால் இதுவரை போனதுபோல அன்றும் பஸ் ஏறியிருப்பேன். புதிய ஏவுதளம் வந்த பிறகு, அதற்கு முன் ஏழு முறை எங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் உட்காரவைத்தீர்கள். ஏழு முறையும் முதல் ஆளாக என் பெயர் இருக்கும். பதிவேட்டைப் பாருங்கள்.

இரண்டு கோரிக்கைகள். ஒன்று, சங்கைப் பழுது பார்க்க வேண்டும். இரண்டு, என் வயதையும் நாற்காலியையும் திருத்தி ஒரு மறுப்பு வெளியிட வேண்டும்.

இது அதிகாரிக்கு எழுதும் கடிதம். அந்த இருக்கையில் இருப்பது யார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நலம் விசாரிக்கும் வரியை எழுதவில்லை.

இப்படிக்கு,
ஏழாம் எண் வீட்டு உரிமையாளர்


மார்ச் 7

மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கு,

தங்கள் மார்ச் 3 தேதியிட்ட கடிதம் கிடைத்தது. தங்கள் தெருமுனையில் உள்ள சங்கு அன்றைய தினம் மூன்று முறையும் முறையாக ஒலித்தது. பதிவுக் கருவி அதை உறுதி செய்கிறது. பேருந்துப் பட்டியலில் ஒருவர் குறைந்ததால் புறப்பாட்டுக்கு இருபத்திரண்டு நிமிடங்கள் இருந்தபோது தலைகீழ் எண்ணிக்கை நிறுத்தப்பட்டது. அன்றைக்கு ராக்கெட் புறப்படுவதற்கு இருந்த அவகாசம் பதினொரு நிமிடம் மட்டுமே. அது தவறியதால் புறப்பாடு இரண்டு நாள் தள்ளிப்போனது. மறுப்பு வெளியிடுவது எங்கள் பிரிவின் பணி அல்ல.

ஏப்ரல் முதல் புதிய ஏவுதளத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு புறப்பாடுகள் நடைபெறும். அன்றாடம் வீடு வீடாக ஆள் அனுப்ப இயலாது. எனவே ஏவுதளத்தைச் சுற்றியுள்ள ஆபத்து வட்டத்துக்குள் வசிப்போர் அனைவரும், வீட்டுக்குள்ளிருந்தே சங்கொலி தங்களுக்குக் கேட்கிறது என்று உறுதிமொழி தர வேண்டும். எழுபது வயதைக் கடந்தவர்கள் காது மருத்துவரின் சான்றிதழும் இணைக்க வேண்டும். தர இயலாதவர்களுக்கு வட்டத்துக்கு வெளியே நிரந்தர மாற்று வீடு ஒதுக்கப்படும். படிவம் இத்துடன் உள்ளது. கடைசி நாள் மார்ச் 31.

பாதுகாப்பு அதிகாரி

(பின்பக்கம்)

அத்தை, முன்பக்கம் தட்டச்சு, இது என் கை. ஆறு தடவை போன் செய்தேன். இரண்டு தடவை எடுத்து, "சரி சரி" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். நான் பேசுவது பிடிக்கவில்லை என்றால் அதையே சொல்லலாம். அன்று எண்ணிக்கையை நிறுத்தியவள் நான்தான். பட்டியலில் குறைந்த பெயர் எது என்று தெரிந்ததும் நிறுத்தச் சொல்லிக் கத்திவிட்டேன். கோபத்தில் கத்தினேன் என்று என் உதவியாளர் நினைத்துக்கொண்டார்.

சான்றிதழ் வாங்கிவிடுங்கள். ஒரு மணி நேர வேலை.


மார்ச் 11

மருமகளாக இருந்தவளுக்கு,

பின்பக்கத்துக்குத்தான் பதில் எழுதுகிறேன். முன்பக்கத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வாக்கியங்கள் ஒழுங்காக இருக்கின்றன. உன் கையெழுத்துதான் முன்னைவிட மோசமாகியிருக்கிறது. எதற்கு இத்தனை அவசரம்?

போனில் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. உன்னோடு மட்டும் அல்ல, யாரோடும். எழுதத் தெரிந்தவர்களுக்கு எதற்குப் போன்?

காதுச் சான்றிதழ் வாங்கப் போவதில்லை. மண்ணுக்குள் போகும்வரை மனுஷி பாக்கெட்டில் சான்றிதழோடு அலைய வேண்டுமா? எனக்குக் காது கேட்கும் என்பதற்கு மருத்துவரைவிட நல்ல சாட்சி என்னிடம் இருக்கிறது. நான் படித்த கான்வென்டில் சிஸ்டர்கள் தினமும் நாட்குறிப்பு எழுத வைப்பார்கள். எழுதாதது நடக்காதது என்பார்கள். உன் மாமனாரும் நானும் இந்த வீட்டுக்கு வந்த முதல் மாதமே ஒரு ராக்கெட் கிளம்பி, சமையலறைக் கண்ணாடியில் குறுக்கே ஒரு விரிசல் விட்டது. அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கினேன். முப்பத்தொரு வருடமாக எழுதுகிறேன். தேதி, நேரம், வானம், சத்தம்.

முதல் வருடம் இரண்டே இரண்டு. பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள், தெருவே மொட்டைமாடியில் நின்றது, உன் கணவனாக இருந்தவனை உன் மாமனார் தோளில் தூக்கிவைத்துக்கொண்டார். பதினைந்தாம் வருடம் ஏழு. ஐந்து வருடத்துக்கு முன் பத்தொன்பது. போன வருடம் நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்று பழைய ஏவுதளத்திலிருந்து, ஏழு புதியதிலிருந்து. இப்போது எதிர்வீட்டு நாய்கூடத் தலை தூக்கிப் பார்ப்பதில்லை. இது போதாதென்று வாரத்துக்கு இரண்டு என்கிறாய். அத்தனை பேர் மேலே போய் என்னத்தைப் பார்க்கிறார்களோ.

நானும் படித்துத்தான் வைத்திருக்கிறேன். உலகத்தில் இருபதுக்கும் அதிகமான இடங்களிலிருந்து ஏவுகிறார்களாம். பெரும்பாலும் கடலோரம், அதிலும் கிழக்கே கடல் உள்ள இடமாகப் பார்த்து. பூமி சுற்றுகிற வேகம் சும்மா கிடைக்குமாம். கழன்று விழுவது தண்ணீரில் விழுமாம். கிழக்கே கடல் இருக்கிறதா என்று பார்த்தவர்கள், மேற்கே என் வீடு இருக்கிறதா என்று பார்க்கவில்லை. என் மகன் போயிருக்கும் இடத்தில் கடலே இல்லை, வெறும் பாலைவனம். மூன்று நாளைக்கு ஒன்று கிளம்புகிறது என்று தபாலட்டையில் எழுதியிருந்தான். மூன்று நாளைக்கு ஒன்று கிளம்பும் இடத்துக்காக வீட்டையும் மனைவியையும் விட்டுப் போனவன் என்று ஊர் பேசுகிறது. போக விடமாட்டேன் என்று ஒரு வார்த்தை நீயும் சொல்லவில்லை. போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவும் நீ வரவில்லை. ஒன்பது வருடம் ஒரே சமையலறையில் நின்றுவிட்டு, அப்புறம்தான் அவனோடு குடியிருப்புக்குப் போனவள், வாசல் வரை வர மனசு வரவில்லை.

போகட்டும். இந்த வருடப் பக்கங்களை நகல் எழுதி அனுப்பியிருக்கிறேன். பழைய ஏவுதளத்துச் சின்ன ராக்கெட்டுகளுக்கு நாங்கள் வீட்டிலேயே இருக்கிறோம் என்பது உனக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் கேட்டு எழுதியிருக்கிறேன். உன் கருவியோடு ஒப்பிட்டுப் பார்.

இப்படிக்கு,
உன் முன்னாள் மாமியார்


மார்ச் 15

அன்புள்ள அத்தை,

மதியம் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். நடுவில் இரண்டு முறை எழுந்து போக வேண்டியிருந்தது. இங்கே யாரும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை; தட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரையைப் பார்க்கிறோம். ஒன்று கிளம்பும்போதே அடுத்ததற்கு நாள் குறித்தாகிவிடுகிறது. முன்பெல்லாம் ஒன்று போனால் கை தட்டுவோம். இப்போது, "போயிடுச்சா, சரி, அடுத்த ஃபைலை எடு." என் கையெழுத்தில் அவசரம் தெரிவதற்கு அதுதான் காரணம்.

உங்கள் நகலை எங்கள் பட்டியலோடு வரி வரியாக ஒப்பிட்டேன். ஜனவரியில் ஒரு இடத்தில் எங்கள் பட்டியலில்தான் நிமிடம் தப்பு, உங்களுடையது சரி. திருத்திவிட்டேன்.

ஆனால் பிப்ரவரி 9. "காலை 10.14. மேகமூட்டம், ஒன்றும் தெரியவில்லை. சத்தம் பலம்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அத்தை, அன்று அது கிளம்பவில்லை. 10.14-க்கு ஒன்பது வினாடி முன்னால் ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்று நிறுத்தினோம். மூன்று நாள் கழித்து மாலையில்தான் போனது. அந்த 12-ஆம் தேதி உங்கள் நோட்டில் இல்லை.

ஒரு தடவை தப்பாக எழுதியிருக்கலாம் என்று விட்டுவிடப் பார்த்தேன். முடியவில்லை. நீங்கள் தப்பாக எழுத மாட்டீர்கள். என் மளிகைச் சீட்டில் எழுத்துப்பிழை திருத்தித் திருப்பிக் கொடுத்தவர் நீங்கள். அப்புறம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பின்னாலிருந்து தோளைத் தொட்டார்கள் என்று எழுதினீர்கள். முன்னால் வந்து பேசச் சொன்னீர்கள். போனில் நான் என்ன கேட்டாலும் சரி சரி என்றீர்கள். "சாப்பிட்டீங்களா, ஏன் இருமறீங்க" என்று கேட்டதற்கும் அதே சரி சரிதான்.

எவ்வளவு நாளாக?

இதைக் கேட்க எனக்கு இன்னொரு காரணம் இருக்கிறது. சொல்லிக்கொள்ள நான் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் வந்தேன். இரண்டு வருடத்துக்கு முன், ஜூன் மாதம், மாலை நாலு மணி, நல்ல மழை. அதற்கு முந்தைய ஞாயிறுதான் அவர் என்னிடம், "அம்மாகிட்டயும் சொல்லிட்டேன், பிரியறதே நல்லதுன்னு அவங்களும் சரின்னுட்டாங்க" என்றார். என்னால் நம்ப முடியவில்லை. உங்கள் வாயாலேயே கேட்டுவிடலாம் என்று வந்தேன். மணி அடித்தேன். "அத்தை, அத்தை" என்று கூப்பிட்டேன். பக்கவாட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தால் நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தீர்கள். கண்ணாடியைத் தட்டவில்லை, எதற்குத் தட்ட வேண்டும், இத்தனை கூப்பிட்டும் திரும்பாதவர். பத்து நிமிடம் மழையில் நின்றேன். நீங்கள் ஒரு உறையை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தீர்கள்.

அதையே பதிலாக எடுத்துக்கொண்டேன். மறுநாள் காகிதங்களில் கையெழுத்துப் போட்டேன்.

இத்தனை நாள் உங்கள் மேல் கோபமாக இருந்தேன். அது எங்கே போய் நிற்கிறது என்று இப்போது எனக்கே தெரியவில்லை. எழுதுங்கள்.

உங்கள்
மூன்றாவது மாடிக் குடியிருப்புக்காரி


மார்ச் 17

பாதுகாப்பு அதிகாரி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கண்டேன். பிப்ரவரி 9 அன்று ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அதிர்ந்ததை எழுதினேன். தங்கள் வால்வுகளுக்கு நான் பொறுப்பல்ல.

என் காதைப் பற்றியும் என் முதுகைப் பற்றியும் தாங்கள் ஆராய்ச்சி செய்ய வேண்டிய அவசியம் இல்லை. என் வீட்டில் மழை நாளில் யாரும் மணி அடிக்கவில்லை.

இதற்குப் பதில் வேண்டாம்.

ஏழாம் எண் வீட்டு உரிமையாளர்


மார்ச் 24

அன்புள்ள அத்தை,

பதில் வேண்டாம் என்றீர்கள். ஒரு வாரம் அப்படியே இருந்து பார்த்தேன். உங்கள் தெருவில் உங்கள் படிவம் ஒன்றுதான் வரவில்லை.

நேற்று எங்கள் இயக்குநர் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், எப்போதும் கடிகாரத்தைப் பார்த்தபடியே பேசுவார்.

"ஏழாம் நம்பர் வீடு உங்க மாமியாரோடதுதானே? அவங்களுக்குக் கேக்கும்னு நீங்களே ஒரு கையெழுத்தைப் போட்டு முடிங்க. அடுத்த வாரம் ரெண்டு இருக்கு, அதுக்கடுத்த வாரம் மூணு."

"மாமியார் இல்ல சார். முன்னாள் மாமியார்."

"மாமியார்ல என்னம்மா முன்னாள், பின்னாள்? அவங்க என்ன ராஜினாமா பண்ணிட்டாங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கையெழுத்து மட்டும் போடவில்லை.

ஏன் போடவில்லை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதியது உண்மைதான். கிழக்கே கடல் இருப்பதால்தான் இந்த இடம். ஆனால் அது மேலே போய்த் திரும்பிய பிறகுதான் கடலுக்குப் போகிறது. முதல் அரை நிமிடத்துக்குள் ஏதாவது ஆனால் அதற்குக் கிழக்கும் தெரியாது, மேற்கும் தெரியாது. எங்கே விழுமோ அங்கே விழும். அதற்குத்தான் வட்டம். உங்கள் சமையலறையும் பின்னறையும் அந்த வட்டத்துக்குள் இருக்கின்றன. புதிய ராக்கெட் இதுவரை எட்டு தடவை போயிருக்கிறது. எட்டு என்பது எங்கள் கணக்கில் ஒன்றும் இல்லை. அதை நம்பி யாரும் பக்கத்தில் நிற்க மாட்டோம்.

ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம் இருக்கும்போது என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள். "வட்டத்துக்குள் யாராவது இருக்கிறார்களா?" நான் "இல்லை" என்று சொன்னால் அது கிளம்பும். இந்த ஊரில் என் வேலை மொத்தமும் அந்த ஒரு வார்த்தைதான். உங்களுக்குக் கேட்கும் என்று நான் கையெழுத்துப் போட்டால், வாரத்துக்கு இரண்டு முறை, நீங்கள் பின்னறையில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறீர்களா இல்லையா என்று தெரியாமல் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். என்னால் முடியாது அத்தை. கேட்காது என்று எழுதினால் வீடு போகும். அதையும் நானாக எழுத மாட்டேன். நீங்கள் எழுத வேண்டியது அது.

நானே ஒவ்வொரு முறையும் வந்து உங்களைக் கூட்டிப்போகலாமா என்றும் யோசித்தேன். அந்த நேரத்தில் என்னால் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது.

ஏப்ரல் 2, புதன்கிழமை காலை பத்தரைக்குக் காது மருத்துவரிடம் உங்கள் பெயரில் நேரம் வாங்கியிருக்கிறேன். படிவத்தை 31-க்குள் அனுப்பினால் சான்றிதழின் இரண்டு நாள் தாமதத்தை ஏற்றுக்கொள்வார்கள், கேட்டுவிட்டேன். போவதும் போகாததும் உங்கள் இஷ்டம். போகாவிட்டால் 3-ஆம் தேதி உங்கள் வீட்டுக்கு நோட்டீஸ் வரும். அதில் என் கையெழுத்துதான் இருக்கும். அதை முன்கூட்டியே உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

உங்கள்
மருமகளாக இருந்தவள்


மார்ச் 28

உனக்கு,

மூன்று நாளாக எழுதிக் கிழிக்கிறேன். இதைக் கிழிக்கப் போவதில்லை, அதனால் அடித்தல் திருத்தல் இருந்தால் பொறுத்துக்கொள்.

மூன்று வருடம் ஆகிறது. முதலில் சுவர்க்கடிகாரம் நின்றுவிட்டது என்று நினைத்துச் சாவி கொடுத்தேன், முள் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் குக்கர். பிறகு ஒவ்வொன்றாக. வலது காது சுத்தமாக இல்லை. இடது காதில், எதிரே நின்று முகம் பார்த்துப் பேசினால் பாதி வரும், மீதியை உதட்டிலிருந்து எடுத்துக்கொள்வேன். பல் போனால் கட்டிக்கொள்கிறோம், கண் மங்கினால் கண்ணாடி போடுகிறோம். காது போனால் மட்டும் பேச்சின் நடுவே ஆளைத் தாண்டி அடுத்தவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். என் அத்தை ஒருத்தி அப்படித்தான் பன்னிரண்டு வருடம் மூலையில் இருந்தாள். கல்யாண வீட்டில் சிரிக்கிறவர்களைப் பார்த்துத் தானும் சிரிப்பாள். எதற்கு என்று தெரியாமல் சிரிப்பாள். நான் அப்படி இருக்க மாட்டேன் என்று இருந்தேன்.

ராக்கெட்டைக் கையால் கேட்பேன். பழைய ஏவுதளத்திலிருந்து எப்போது கிளம்பும் என்று தெருமுனைப் பலகையில் ஒட்டியிருப்பார்கள். அந்த நேரத்துக்குச் சமையலறை ஜன்னலில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பேன். கண்ணாடி அதிர்ந்தால் கிளம்பிவிட்டது. எவ்வளவு அதிர்கிறதோ அவ்வளவு சத்தம் என்று எழுதுவேன். பிப்ரவரி 9 அன்றும் அதிர்ந்தது. உன் கடிதம் வந்த பிறகு யோசித்துப் பார்த்தேன். தண்ணீர் லாரி வரும் நாள் அது. ஒரு லாரியை நான் விண்வெளிக்கு அனுப்பியிருக்கிறேன். அந்த வரியை அடித்து, பக்கத்தில் உண்மையை எழுதி, தேதியும் போட்டுவிட்டேன்.

புதிய ஏவுதளத்துக்குச் சங்கு ஊதும் நாட்களில், எதிர்வீட்டுத் தையற்காரர் மனைவி கதவைப் பூட்டுகிறாளா என்று திரைக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். அவள் பூட்டினால் நானும் பூட்டுவேன். அந்த மாதம் அவர்கள் குடும்பத்தோடு அக்காள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். பார்ப்பதற்குக் கதவு இல்லை. உன் ராக்கெட் நின்ற கதை அதுதான்.

நேற்று அவளிடம் போய்ச் சொன்னேன். வெட்கத்தை விட்டு, "எனக்குக் காது கேக்காதும்மா" என்றேன். அவள் கத்திரிக்கோலைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"அது தெருவுக்கே தெரியுமே" என்றாள். "நான் பூட்டுறப்ப உங்க திரை அசையும். அசையலைன்னா மறுபடி திறந்து மறுபடி பூட்டுவேன். ஒரு நாள் நாலு தடவை பூட்டினேன். எங்க வீட்டுக்காரர், 'பூட்டை ஏண்டி இந்தப் பாடு படுத்துற'ன்னு கத்தினார்."

"முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே?"

"உங்ககிட்டயா? சொல்லிட்டு யாரு வாங்கிக் கட்டிக்கிறது?"

எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. அவள் வீட்டில் உட்கார்ந்து ஒரு காப்பி குடித்துவிட்டு வந்தேன். முப்பத்தொரு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

இப்போது ஜூன் மாதத்துக்கு வருகிறேன். குடியிருப்பிலிருந்து என் மகன் ஞாயிறு தோறும் போன் செய்வான், மேசை அதிர்வதைப் பார்த்து எடுப்பேன். என்ன பேசுகிறான் என்று எனக்குத் தெரியாது. அவன் நிறுத்துவதுபோல் இருக்கும்போது "சரி" என்பேன். நீளமாகப் பேசினால் "சரி, உன் இஷ்டம்" என்பேன். பெரும்பாலும் சாப்பாடும் வானிலையும்தானே என்று நினைத்துக்கொள்வேன். ஒரு ஞாயிறு வழக்கத்தைவிட அதிக நேரம் பேசினான். அடுப்பில் பால் இருந்தது. "சரி, உன் இஷ்டம்" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனேன். பால் பொங்கவில்லை. வேறு என்னவெல்லாம் ஆயிற்று என்று உன் கடிதத்தில்தான் படித்தேன். அவனுக்கும் எழுதிவிட்டேன். பதில் வர நாளாகும், அந்தப் பதிலால் இப்போது மாறப்போவது எதுவும் இல்லை என்று எனக்கும் தெரியும். நான் சரி என்று சொல்லாவிட்டாலும் அவன் போயிருப்பான். அவன் ஐந்து வயதிலேயே மேலே பார்த்தபடி நடந்து சாக்கடையில் விழுந்தவன். ஆனால் நான் சரி என்று சொல்லவில்லை. அதை நீ என்னிடமிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

நீ வந்ததே இல்லை என்று இரண்டு வருடமாக இந்த ஊரில் கேட்டவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதையும் ஒவ்வொருவராகப் பார்த்துத் திருத்த வேண்டும். மொத்தம் ஐந்து பேர். இருவரிடம் சொல்லிவிட்டேன்.

மழையில் நின்றாயே, குடையாவது வைத்திருந்தாயா?

கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுதியது சரி. நீ போட்டிருந்தால் உன்னை நான் மதித்திருக்க மாட்டேன். வீட்டை விட்டுப் போக எனக்கு மனம் இல்லை. இங்கே இருட்டிலும் எந்தச் சுவர் எங்கே என்று தெரியும். கேட்காதவளுக்கு அது பெரிய விஷயம். ஆனாலும், நான் இருக்கிறேனா இல்லையா என்று தெரியாமல் ஒருத்தி வாரத்துக்கு இரண்டு தடவை "இல்லை" என்று சொல்ல வேண்டிய வீட்டில் எனக்கும் தூக்கம் வராது. உறுதிமொழிப் படிவத்தில் "கேட்கவில்லை" என்ற கட்டத்தில் குறியிட்டு, கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். வீடு போனாலும் காதுக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்கப் புதன்கிழமை மருத்துவரிடம் போகிறேன்.

மருத்துவமனைப் படிவத்தையும் வாங்கிவந்து நிரப்பிக்கொண்டிருக்கிறேன். மருத்துவர் சொல்வதைக் கேட்டு எழுதித்தர உடன் ஒருவர் வர வேண்டும் என்று அதில் போட்டிருக்கிறது. பெயர், முகவரி, உறவுமுறை. உன் பெயரும் முகவரியும் எழுதிவிட்டேன், உன்னைக் கேட்காமலேயே. புதன்கிழமை உனக்கு ஏவுதல் எதுவும் இல்லை என்று பலகையில் பார்த்துக்கொண்டேன். மூன்றாவது கட்டத்தைக் காலியாக வைத்திருக்கிறேன். தெரிந்தவர் என்று எழுதலாம், அதிகாரி என்று எழுதலாம். மருமகள் என்று எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல எழுத மாட்டேன்.

அந்தக் கட்டத்தில் என்ன எழுதட்டும்? செவ்வாய்க்கிழமைக்குள் எழுத்தில் பதில் அனுப்பு.

அத்தை